படகில் பேச்சியம்மாள் பார்த்த கரை

கொடைக்கானலில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்து, கைடாக ரிட்டயர் ஆனவள் நான். மலையிலிருந்து குரூப்களை இறக்கிக்கொண்டுபோய்த் தேக்கடியில் படகு ஏற்றிக் காட்டுவது பல வருடங்கள் என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் இப்போதும் போனில் கேட்கிறார்கள்: "மேடம், மிருகம் எதுவும் கண்ணுல படலைன்னா கஸ்டமர் நம்மளத்தானே திட்டுறாங்க, என்ன செய்யிறது?" எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. ஏறுவதற்கு முன்

கடைசிப் படகுக்கு புக்கிங் போடுங்கள். வெயில் தாழும்போதுதான் மிருகங்கள் தண்ணீருக்கு இறங்கும். மேல் டெக் கிடைத்தால் நல்லது. கண்ணை மரத்தில் வைக்கச் சொல்லாதீர்கள். புல்லும் தண்ணீரும் சேரும் விளிம்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காயும், அதையும் காட்டுங்கள். யானை வராத நாளில் அதுதான் உங்களைக் காப்பாற்றும். கத்தக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று படகுக்குள் சொல்லிப் பயனில்லை, பஸ்ஸிலேயே சொல்லிவிட வேண்டும்.

பளிச்சென்ற உடுப்பு வேண்டாம், பச்சையோ மண்நிறமோ உடுத்துங்கள் என்பதும் நான் எல்லோருக்கும் சொல்வதுதான். பூம்பாறை மகளிர் குழுவுக்குச் சொன்னபோதுதான் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

"பச்சைச் சேலையா? ஏம்மா, ஊரு பாக்கப் போறோமா, பூண்டுக் காட்டுல ஒளியப் போறோமா?" என்றார் குழுத் தலைவி ராக்கம்மா. கனத்த குரல். அவர் பேசினால் மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

2. பூம்பாறை குரூப்

எல்லோரும் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்கிற வீட்டுப் பெண்கள். முதலில் ராமேஸ்வரம்தான் கேட்டார்களாம். ராக்கம்மா ஒரே பிடியாக நின்று தேக்கடி என்று மாற்றிவிட்டார். எங்கள் ஓனருக்கே அது ஆச்சரியம். "காட்டுக்குள்ளயே இருக்கிறவங்க, காசு குடுத்துக் காடு பாக்கணும்ங்கிறாங்க" என்றார்.

வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டு, தேனி, கம்பம் வழியாகக் குமுளி போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் பாட்டும் சிரிப்பும். ஜன்னலோரம் இருந்த ஒருவர் மட்டும் எதிலும் சேரவில்லை. அவர் பேச்சியம்மாள், ராக்கம்மாவின் தம்பி மனைவி. மடியில் ஒரு துணிப்பை. அதை மேலே வைக்கவா என்று கேட்டேன், தரவில்லை.

படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு இளம்பெண். எங்கள் ஆட்களுக்கு வரிசையாக மாட்டிவிட்டுக்கொண்டே வந்தவள், பேச்சியம்மாளிடம் வந்ததும் நின்றுவிட்டாள். வாரைக் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். பேச்சியம்மாள் கையைத் தூக்கியபடி சிலைபோல் நின்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொள்ள, "வெரசா வாங்க" என்று நான்தான் பேச்சியம்மாளைப் படகுக்குள் தள்ளினேன்.

3. இந்தப் பக்கம் பாருங்க

அன்றைக்கு மாதிரி சைட்டிங், அதாவது மிருகங்கள் கண்ணில் படுவது, எனக்கு அதிகம் அமைந்ததில்லை. முதல் வளைவு திரும்பியதுமே காட்டெருமைகள். அதன் பிறகு இடதுகரையில் குட்டியோடு ஒரு யானைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கியது. டிரைவர் இன்ஜினைத் தணித்தார். குட்டி வழுக்கி விழ, தாய் தும்பிக்கையால் அதை நிமிர்த்தியது. பஸ்ஸில் அத்தனை சத்தம் போட்ட பெண்கள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பேச்சியம்மாள் மட்டும் உடம்பை முறுக்கிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பக்கம் பாருங்க. இது மாதிரி இன்னொரு தடவ கெடைக்காது."

அவர் திரும்பினார். முகம் முழுக்க நனைந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சட்டை மாட்டிவிட்டுச்சே, அது எம் மக தாயி. சுதா" என்றார், காற்று மாதிரி. "கம்பத்துப் பயலக் கட்டிக்கிட்டு வந்துருச்சு. இங்கன வேலை பாக்குதுன்னு ஊருல பேசிக்கிட்டாக. அவுக அப்பா தலை முழுகிட்டாரு. வீட்டுல ஒரு போனுதான், அது அவரு சட்டைப் பையில கெடக்கு. எளைச்சிருக்கா, பாத்தீகளா? கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்கிது."

"பேசியிருக்கலாமே அக்கா."

"மதினி நிக்கிதே. அதுக்குப் பயந்து எங்க ஆளுகளே அவளத் தெரியாத மாதிரி வந்துட்டாக. அவுக தம்பி காதுக்குப் போயிருச்சுன்னா என்னைய அந்த வீட்டுல வெச்சிருப்பாரா?"

அதற்கு மேல் அவரை யானை பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடத்தை மாற்றிக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். துறை மறைந்து வெகுநேரமாகியிருந்தது. ஆனாலும் அது இருக்கும் திசையைப் பார்த்தபடியே வந்தார்.

4. தலைசுற்றல்

கரை இறங்கியதும் வெளிவாசலுக்குக் கொண்டுவிடும் வனத்துறை பஸ் தயாராக நின்றது. என்ன பொய் சொல்லிப் பேச்சியம்மாளை மட்டும் நிறுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாத்ரூம் என்று சொன்னால் ராக்கம்மா கூடவே வந்துவிடுவார். சுதா கழற்றிய ஜாக்கெட்டுகளை அடுக்குவதுபோல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ராக்கம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

"தலை சுத்துது தாயி. படகு ஆடுன ஆட்டம். என்னால இப்ப பஸ் ஏற முடியாது."

மற்ற பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். "நீங்கள்லாம் ஏன் கூடுறீக? போயி டீயக் குடிங்க. எங்கூட பேச்சி இருந்தாப் போதும்" என்று விரட்டினார். அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு குனிந்தேன். ராக்கம்மா ஒரு கண்ணைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அந்தா நிக்கிறா பாரு எங்க பிள்ள, இவளக் கூட்டிட்டுப் போயி விடு. அடுத்த பஸ்ஸு வர்ற வரைக்கும் நான் முழிக்க மாட்டேன்."

பேச்சியம்மாள் நாத்தனாரையே பார்த்தார். "மதினி..." என்று ஆரம்பித்தார்.

"போடி. ராமேஸ்வரத்த விட்டுப்போட்டு எதுக்கு இங்கன இழுத்துட்டு வந்தேன்? போ."

சொல்லிவிட்டு, சுதா நின்ற பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. படியில் உட்கார்ந்து, பையிலிருந்த பூண்டையும் ஒரு பழைய ஸ்வெட்டரையும் பேச்சியம்மாள் எடுத்து வைத்தார். என்ன சமைக்கிறாய், மாமியார் எப்படி, இருமல் நின்றதா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் முடியும் முன்பே அடுத்த பஸ் வந்துவிட்டது.

5. அடுத்த வருடம்

அதே குழு, அதே படகு. பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் இன்னும் இறங்கி வரவில்லை. மகள் பெயரை எடுத்தாலே சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடுகிறாராம். சுதா லீவு போட்டுவிட்டு, டிக்கெட் எடுத்துப் பயணியாக வந்திருந்தாள். ராக்கம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, ஒருவரையும் திரும்ப விடாமல் கரையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். டிக்கெட் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் என்ன பார்க்க வந்தீர்கள் என்று கேளுங்கள். சிலர் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைப் படகில் தொந்தரவு செய்யாதீர்கள்.

அன்றும் யானைகள் இறங்கின, மிகப் பக்கத்தில். கடைசி வரிசையில் சுதாவின் தலை அம்மாவின் தோளில் இருந்தது. பேச்சியம்மாள் லைஃப் ஜாக்கெட் வாருக்கு இடையே கையை விட்டு, மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் இருவரை மட்டும் கூப்பிடவில்லை. டிரைவரிடம் போய், இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்ட முடியுமா என்று கேட்டேன்.