மோட்டார் கட்டும் ஜெயராணி

கடலூரில் பெண்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி என்று அறிவிப்பு வந்தபோது, சிதம்பரம் பக்கத்திலிருந்து போனவர்களில் பாதிப் பேர் தையலில் சேர்ந்தார்கள். மீதிப் பேர் அழகுக்கலையில். ஜெயராணி மட்டும், எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள்.

“அது ஆம்பளைங்க வேலைம்மா,” என்றார் பெயர் எழுதியவர்.

“காயிலுக்குத் தெரியுமா சார், சுத்துனது ஆம்பளையா பொம்பளையான்னு?”

அவள் கணக்கு எளிமையானது. தெருவுக்கு நாலு தையல் மெஷின் ஏற்கெனவே ஓடுகிறது. யாருடைய ஜாக்கெட்டை யார் தைப்பது? ஆனால் கரும்புக்காட்டில், இறால் பண்ணையில், வீட்டுக் கிணற்றில் எங்கே பார்த்தாலும் மோட்டார். கோடை வந்தால் அத்தனையும் எரிகிறது. எரிந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினால், கட்டுவதற்கு ஆள் இல்லை.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் இளவரசு முதலில் சிரித்தான். “மொதல்ல நம்ம வூட்டு மிக்சியக் கட்டு, பாப்போம்” என்றான். கட்டினாள். அன்று அரைத்த தேங்காய்ச் சட்னிக்கு நாலு இட்லி கூடவே தின்றான். மறுநாளிலிருந்து ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம், “உங்க வூட்டு ஃபேன் சுத்துதா?” என்று விசாரிக்கத் தொடங்கினான்.

பயிற்சி முடிந்ததும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சுப்புராயன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சுப்புராயன் கெட்டிக்காரர். எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே கோளாறைச் சொல்லுவார். அவர் கடையில் ஆட்கள்தான் நிற்பதில்லை. வந்த பையன்கள் ஆறு மாதத்தில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் பறந்துவிடுவார்கள். வேறு வழியில்லாமல்தான் பெண்ணைச் சேர்த்தார். அவள் கை சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அவள் கூட்டி வந்த பழைய ஜவுளிக்கடைத் தோழி, கிள்ளை ஊர்ப் பொன்னியையும் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. காயில் சுற்றுவது, மோட்டாரின் பள்ளங்களில் இறக்குவது, வார்னிஷ் அடிப்பது எல்லாம் வேலையாட்கள் செய்யலாம். எந்த முனையை எந்த முனையோடு சேர்ப்பது என்ற கனெக்‌ஷன் மட்டும் முதலாளியின் வேலை. பச்சைத் துணித் திரையை இழுத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து அவரே கொடுப்பார். இந்த ஊர்க்காரர்களுக்குத் திரை புதிதல்ல. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்பதும் புதிதல்ல.

திரை போதாதென்று இன்னொரு தந்திரமும் வைத்திருந்தார். காயில் முனைகளில் மாட்டும் வண்ணக் குழாய்களை ஒவ்வொரு மோட்டாருக்கும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுவார். நேற்றைய சிவப்பு இன்றைக்கு மஞ்சள், நேற்றைய நீலம் இன்றைக்குக் கறுப்பு. எட்டிப் பார்த்தவன்கூட மனப்பாடம் செய்ய முடியாது. எந்த நிறம் எதற்கு என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. இதற்குத் தொழில் ரகசியம் என்று பெயர். படித்தால் நாக்கை அறுப்போம், கேட்டால் காதில் ஈயம் ஊற்றுவோம் என்று சொல்லிவைத்த புத்திதான் இப்படிக் கடை கடையாக, பட்டறை பட்டறையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அறிவைப் பூட்டி வைக்கிறவன் தான் உயர்ந்துவிட்டதாக நினைக்கிறான். பூட்டுக்குள் அவனும்தான் இருக்கிறான்.

பரங்கிப்பேட்டை ஹாமித் அந்தக் கடையின் பெரிய வாடிக்கை. சவுதியில் பத்து வருஷம் இருந்து திரும்பி வெள்ளாற்றுக் கரையோரம் இறால் குட்டை வெட்டியவர். குட்டைத் தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் அடித்துக் காற்றேற்றும் ஏரேட்டர்கள் நின்றுபோனால் இறால் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். அந்த ஏரேட்டர் மோட்டார்கள் சமீபமாகச் சுப்புராயனிடமிருந்து போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் நான்கு மோட்டார்களை வேனிலிருந்து இறக்கிவிட்டு ஹாமித் சொன்னார்: “மாமா, நீ கட்டுனது ஒரு வாரம் தாங்கல. குட்டையில இறால் குஞ்சு விட்டாச்சி. இந்த நாலும் ஒழுங்கா ஓடலைன்னா நான் பாண்டிச்சேரிக் கடைக்குப் போயிடுவன். அப்புறம் எம்மேல வருத்தப்படாத.”

ஹாமித் போனால் அவரைப் பார்த்து மற்ற பண்ணைக்காரர்களும் போவார்கள். கடை மூடிவிடும். ஜெயராணிக்கும் பொன்னிக்கும் அது தெரியும். இந்த மாவட்டத்தில் மோட்டார் கட்டும் பெண்ணுக்கு வேலை கொடுக்க இன்னொரு கடை கிடைக்காது. மறுபடியும் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக்காட்டப் போக வேண்டியதுதான்.

இருவரும் பார்த்துப் பார்த்துக் காயில் இறக்கினார்கள். சுப்புராயன் திரையை இழுத்துக்கொண்டார். முதல் மோட்டார் வெளியே வந்தது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் சுற்றவில்லை. கட்டிப்போட்ட நாய் மாதிரி உறுமியது. பொன்னி ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள்.

சுப்புராயனுக்கு வேர்த்துவிட்டது. பொன்னியை முறைத்தார். “நீ இன்னிக்கி தூரமா? அதான். தீட்டோட தொட்டா மோட்டாரு எப்பிடிச் சுத்தும்?”

பொன்னி தலை குனிந்தாள். ஜெயராணிக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“மொதலாளி, வாய மூடுங்க” என்றாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. “கரண்டுக்கு எந்தப் பொம்பள தூரம்னு பாக்கத் தெரியாது. எந்த ஒயரு எதுல சேந்திருக்குன்னுதான் அதுக்குத் தெரியும். இப்பத் தெரிஞ்சிடும் பாருங்க.” கீழே கிடந்த ஒரு குழாய்த் துண்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “இது என்னா கலரு?”

“மஞ்சா.”

“வெள்ளை. இது?”

சுப்புராயன் கண்ணைச் சுருக்கினார். “கறுப்பு.”

“நீலம் மொதலாளி. கண்ணுல பொரை விழுந்திருக்கு உங்களுக்கு. எத்தினி நாளா?”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரும் படித்துவிடக் கூடாது என்று அவரே குழப்பி வைத்த நிறங்களை இப்போது அவராலேயே படிக்க முடியவில்லை. அது அவருக்கும் உறைத்தது. முணுமுணுத்தார்: “எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, நாளைக்கு நீ எதிர்லயே கடை போட மாட்டியா?”

“போடுவனோ என்னவோ. நீங்க மறைச்சி மறைச்சி வெச்சீங்களே, எவன் நின்னான்? முழுசாக் கத்துக்க முடியாத கடையில எவன் இருப்பான்? அரை ஆளாவே கெழவனாவுறதுக்கா?”

பொன்னி சிரித்துவிட்டாள். அழுத கண்ணோடு வந்த சிரிப்பு. சுப்புராயனுக்கும் வாயோரம் கோணியது.

“கனெக்‌ஷன் குடுக்கத் தெரியுமா உனக்கு?”

“கடலூர் வகுப்புல சொல்லிக் குடுத்தது கனெக்‌ஷன் இல்லாம கல்யாணப் பத்திரிகையா?”

அன்றைக்குத் திரையை ஒதுக்கிவிட்டு மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எல்லா மோட்டாருக்கும் ஒரே நிறம், ஒரே முறை. ஜெயராணி சாக்பீஸால் சுவரில் பெரிதாகப் படம் போட்டாள். கண் தெரியாவிட்டாலும் சுப்புராயனின் விரல்களுக்குத் தெரிந்தது ஏராளம். முடிச்சு இறுகியிருக்கிறதா, காயிலுக்கு அடியில் வைக்கும் காப்புக் காகிதம் பள்ளத்துக்குள் மடங்கியிருக்கிறதா என்று தடவித் தடவிச் சொன்னார். பயிற்சியில் யாரும் சொல்லாத விஷயங்கள். “இத்தினி நாளு இதயெல்லாம் வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டு எப்பிடிச் சாப்புட்டீங்க?” என்று பொன்னி கேட்டாள். நான்கு மோட்டார்களும் பழமும் கற்பூரமும் இல்லாமலே சத்தமின்றிச் சுற்றின.

குட்டையில் மாட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. விடிந்ததும் இளவரசுவின் ஆட்டோவில் மோட்டார்களோடு மூவரும் பரங்கிப்பேட்டைக்குப் போனார்கள். ஹாமித் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். ஜெயராணி தானே ஸ்விட்சைப் போட்டாள். சக்கரம் ஒரு நொடி தயங்கியது. அப்புறம் வெள்ளையாகத் தண்ணீரை வாரி வாரி வீசத் தொடங்கியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. சாரல் எல்லார் மேலும் தெறித்தது. இளவரசு விசிலடித்தான். வெயில் ஏறும் வரை காத்திருந்து ஹாமித் ஒவ்வொரு மோட்டாரையும் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை.

“மாஷா அல்லா! யாரு கட்டுனது மாமா?”

சுப்புராயன் தொண்டையைச் செருமினார். “இதுங்க ரெண்டு பேருந்தான்.”

ஹாமித் ஜெயராணி பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க எங்கிட்ட வந்துடுங்க. அவுரு குடுக்குறத விட ஜாஸ்தியாக் குடுக்குறன். வூட்டுக்கே வண்டி வரும்.”

சுப்புராயனின் முகம் செத்துப்போனது. வாழ்நாளெல்லாம் அவர் பயந்துகொண்டிருந்தது இதோ கண்ணெதிரிலேயே நடந்துவிட்டது. அவர் சட்டையில் இறால் குட்டைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயராணிக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. இல்லை என்று சொல்வது பொய். ஆனால் ஒரு பண்ணைக் கொட்டகையில் தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து மோட்டார் பார்ப்பதை நினைத்துப் பார்த்தாள். கேட்கவும் சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லாமல். இன்னொரு திரை.

“நான் வரல தம்பி” என்றாள். “உங்க பண்ணையில வேலை செய்யிற பொம்பளைங்க ஒரு நாலு பேர எங்க கடைக்கு அனுப்புங்க. பேரிங் மாத்துறது, ஒயரு பாக்குறது எல்லாம் கத்துக்கட்டும். சின்னக் கோளாற அவுங்களே பாத்துக்குவாங்க, உங்க குட்டை நிக்காது. எரிஞ்சது மட்டும் எங்க கடைக்கு வரட்டும்.”

ஹாமித் யோசித்தார். “நல்லாத்தான் இருக்கு. என்னா மாமா, ஒத்துக்கிறியா?”

வாடிக்கைக்காரனுடைய ஆளுக்கே தொழில் கற்றுக்கொடுப்பதா! சுப்புராயன் குட்டைப் பக்கம் திரும்பினார். சுற்றுகிற சக்கரங்கள் அவர் கண்ணுக்கு வெறும் வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தன. ஆனால் சத்தம் காதில் நன்றாக விழுந்தது.

“திங்கக்கெழம ஒம்போது மணிக்கு வரச் சொல்லு” என்றார் விறைப்பாக. “லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்.”

“நீங்களே பத்து மணிக்குத்தான மொதலாளி கடை தொறப்பீங்க?” என்றாள் பொன்னி.

“அதுவும் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா பதினொன்னு ஆவும்” என்றாள் ஜெயராணி. அவர் முன்னால் கையை நீட்டினாள். “சாவியக் குடுங்க. நான் தொறந்து வெக்கிறன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சுப்புராயன் வேட்டி மடியைத் தடவினார். அவர் எடுத்துக் கொடுப்பதற்குள் இளவரசு ஆட்டோவைக் கிளப்பி, எல்லாரையும் ஏறச்சொல்லி ஹாரன் அடித்துவிட்டான். சாவி ஓடுகிற வண்டியில்தான் கை மாறியது.