ஐந்தைப் பெருக்கிப் பார்க்காதவன்

இருபது வருஷத்துக்கு முன்பு, கொல்லிமலையில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கணித முகாம். சென்னையில் மேற்பயிற்சிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. கையில் லேப்டாப், அதில் காரணிப்படுத்தும் மென்பொருள். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

மைனஸ் ஒன்றின் வர்க்கமூலமான i-யையும் சேர்த்துக்கொண்டு ஐந்தைக் காரணிப்படுத்தச் சொல்லியிருந்தேன். அதே மலையில் குண்டனி நாடு என்ற பகுதியைச் சேர்ந்த மிளகு விவசாயியின் மகள் வள்ளி (2+i)(2−i) என்று எழுதியிருந்தாள். கம்ப்யூட்டரோ −i(1+2i)(2+i) என்றது. முட்டை போட்டேன்.

"ஏனுங்க சார், பெருக்கிப் பாத்தீங்களா?"

"ஏம்மா, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

வகுப்பே சிரித்தது. வேறொரு மாணவனைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுவாரம் ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பொழுது போகாமல் பெருக்கினேன். இரண்டுமே ஐந்து. (1+2i)-ஐ −i ஆல் பெருக்கினால் அவளுடைய (2−i) வந்து நிற்கிறது. வருஷா வருஷம் நானே நடத்தும் பாடம்.

மலையேறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். சென்னை வகுப்பு அதற்குள் தொடங்கியிருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க சார்," என்றாள் வள்ளி. "சிரிச்சவங்ககிட்டச் சொல்லுங்க."

அவர்களின் முகவரி என்னிடம் இல்லை. யாராவது ஒருவர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.