சிந்தாத தட்டும் பாதி மேசையும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வருடமாக யாரும் சாப்பிட்டதில்லை. அங்கே என் சர்வோ மோட்டார்களும் வயர்களும் குடியிருந்தன. கடைசியில் மனைவி கெடு வைத்தாள்.

"உருப்படியா ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை மேசை காலியாகணும்."

நான் தேர்ந்தெடுத்தது அவளுடைய காபியை. இருவருக்கும் புனே ஹிஞ்சேவாடியில் வேலை, ஒரே கம்பெனி கேப். காலையில் வீட்டில் காபி குடிக்க அவளுக்கு நேரமிருக்காது. கேபில் குடித்தால் பாதியைப் புடவை குடித்துவிடும்.

ஆகவே சிந்தாத தட்டு ஒன்று செய்தேன். பொம்மை ஹெலிகாப்டரின் வாலை அலையாமல் பிடிக்கும் ஜைரோதான் அதற்கு மூளை. தட்டு சாய்ந்தால் ஜைரோ உணரும், சர்வோ எதிர்ப்பக்கம் திருப்பும். ரிமோட்டுக்குப் பதிலாக 'நேராக இரு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலர். வீட்டில் இடமும் வலமுமாக எவ்வளவு சாய்த்தாலும் டம்ளர் அசையவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேப் பள்ளத்தில் சரிந்த நேரமாகப் பார்த்து சுவிட்சைப் போட்டேன். தட்டு ஒரு நொடி யோசித்தது. பிறகு யாரும் தொடாமலே, மெதுவாக, மரியாதையாக, பக்கத்திலிருந்த அவள் மஞ்சள் புடவையை நோக்கிச் சாய்ந்தது.

"ஏங்க!" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சாஹேப், காடி தாம்பவூ கா?" வண்டியை நிறுத்தட்டுமா என்று டிரைவர் மராத்தியில் கேட்டார். அவசியமே இல்லை. டிராஃபிக் எங்களை ஏற்கெனவே நிறுத்தியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. சுவிட்ச் போட்டதும் சில நொடிகள் ஜைரோவை அசைக்கக் கூடாது. அசைத்தால் அந்த ஆட்டத்தையே அசையாநிலை என்று நம்பிவிடும். பெட்டியில் வந்த தாளின் முதல் வரியே அதுதான். ஆபீசில் "டாக்குமென்ட் படிச்சீங்களா?" என்று எல்லோரையும் விரட்டும் ஆள் நான். வெட்கமாக இருந்தது.

தினமும் நான் திட்டும் நெரிசலை அன்று மனதாரக் கும்பிட்டேன். தட்டின் சுவிட்சை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டேன். அவளிடமிருந்து டம்ளரை வாங்கி அதன் மேல் வைத்தேன். வண்டி நகர்ந்து இடமும் வலமுமாக ஆடியது. டம்ளர் நிமிர்ந்தே நின்றது. அவள் புருவம் உயர்ந்தது.

அடுத்து வேகத்தடை. வண்டி முன்பக்கமாகக் குப்புற இறங்க, பாதி காபி என் முழங்காலில். இடவலச் சாய்வுக்கு மட்டும்தான் ஜைரோ இருந்தது. முன்பின்னுக்கு இன்னொன்று வேண்டும் என்பதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அவள் சிரித்து முடித்து, மிச்சத்தைக் குடித்தாள்.

"பாதி காபி கெடச்சுது. பாதி மேசை உங்களுக்கு."

இப்போது மேசையின் ஒரு பக்கம் இரண்டாவது ஜைரோ. மறுபக்கத்தில் இடம் போதாமல், இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுகிறோம். மீதிப் பாதியையும் ஜெயிக்க எனக்கு ஆசையே இல்லை.