பெயர் எழுத வேண்டாம்

எனக்குப் பதினான்கு வயது. டில்லியில் லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. குளிர் ஆரம்பித்திருந்த ஒரு காலையில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து ஆளுக்கு மூன்று தாள் கொடுத்தார். சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள். தொட்டால் விரலில் மை ஒட்டியது. வளரும் பிள்ளைகளின் ஆரோக்கியம் பற்றி ஏதோ கணக்கெடுப்பாம்.

"நாம் மத் லிக்னா" என்றார். இந்தியில் நாம் என்றால் பெயர். பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை, உண்மையை மட்டும் எழுதுங்கள் என்று இரண்டு மொழியில் மாற்றி மாற்றிச் சொன்னார். பெயர் இல்லாமல் ஒரு தாளை நிரப்புவது எங்களுக்கெல்லாம் புதிது. பலர் பழக்கதோஷத்தில் மேலே பெயரை எழுதிவிட்டு அழித்தார்கள்.

முதலில் சாதாரணக் கேள்விகள்தான். காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறாயா, தலைவலி வருமா, நன்றாகத் தூங்குகிறாயா. சிலவற்றுக்குப் பையன்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பதினேழாவது கேள்வி இப்படி இருந்தது: வீட்டில் யாரிடமாவது உனக்குப் பயம் உண்டா? உண்டு என்றால் யாரிடம், ஏன்? அதன் கீழே நாலு கோடு காலியாக விட்டிருந்தார்கள்.

அதுவரை என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டவுடன் பேனா தானாக ஓடிவிட்டது. அப்பா என்று எழுதினேன். அப்பாவின் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கீழே கேட்டாலே எனக்கு வயிறு வலிக்கும் என்று எழுதினேன். நாலாவது கோட்டில் இடம் மீதி இருந்தது. அதில், 'அம்மா பாத்ரூமில் வழுக்கி விழவில்லை' என்று எழுதி முடித்தேன்.

அப்பா மத்திய சர்க்கார் மந்திராலயம் ஒன்றில் அசிஸ்டெண்ட். காலனியில் அவரைப்போல நல்லவர் இல்லை என்பார்கள். யாருக்கு ரேஷன் கார்டு, யாருக்கு ஸ்கூல் அட்மிஷன் என்றாலும் அப்பாதான் மனு எழுதித் தருவார். சத்தம் போட்டு அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் சத்தம் போடமாட்டார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, அப்புறம்தான் ஆரம்பிப்பார்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அம்மாவின் வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போடும்படி ஆயிற்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகக் காலனி முழுவதும் செய்தி. ஆளுக்கொரு நாள் ரசமும் கறியும் கொண்டுவந்து கொடுத்து, பாத்ரூம் தரையைச் சொரசொரப்பாக்க அப்பாவுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. பெயர் எழுதாவிட்டால் என்ன? எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருடைய அம்மா பாத்ரூமில் விழுந்திருக்கிறார்கள்?

அந்த வரியை மையால் அடிக்கப் பார்த்தேன். அதற்குள் டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். தாள்களைப் போட ஓட்டை வைத்த அட்டைப்பெட்டி ஒன்று வந்திருந்தது. அதைப் பத்தாம் வகுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். அதனால் எங்கள் வகுப்பு டீச்சரே வரிசையாக வந்து வாங்கினார்.

டீச்சர் எங்கள் பிளாக்கிலேயே, இரண்டு மாடி கீழே குடியிருந்தார். ரசம் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். என் தாளை வாங்கி, மற்றத் தாள்களோடு சேர்த்துத் தட்டி அடுக்கினார். அடுக்கும்போது மேலே இருந்தது என் மூன்றாவது பக்கம். அவர் பார்வை அதில் விழுந்தது, நின்றது. பிறகு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். ஆஸ்பத்திரியும் சர்க்கார், அப்பாவின் ஆபீசும் சர்க்கார். ஒரு சர்க்கார் இன்னொரு சர்க்காருக்குக் கடிதம் போடுவதுதான் டில்லியில் நடக்கும் ஒரே வேலை என்பது நான் அப்பாவிடமிருந்து அறிந்திருந்த உலக ஞானம். என் நாலு வரி ஒரு ஃபைலுக்குள் ஏறி, மாடி மாடியாகப் போய், கடைசியில் அப்பாவின் மேஜையிலேயே வந்து விழும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். நினைக்கும்போதெல்லாம் அதுவரைக்கும்தான் என்னால் போக முடிந்தது.

வேலை போய்விட்டால் குவார்ட்டர்ஸும் போய்விடும் என்ற பயம் தனி. அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடுக்களை வாசல்வரை போனேன். அம்மா இடது கையால் சப்பாத்தி திரட்டிக்கொண்டிருந்தாள். "என்னட்டி, மூஞ்சி வெளிறிக் கிடக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தேன்.

நாலாம் நாள் சனிக்கிழமை. அப்பாவுக்கு லீவு. சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு அப்பாவே போய்த் திறந்தார். வாசலில் டீச்சர், சால்வையைப் போர்த்திக்கொண்டு.

"வாங்க டீச்சர், உள்ள வாங்க!" அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்கார நேரமில்லை. உங்க பொண்ணைப் பத்தி ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இவ கையெழுத்து எனக்கு நன்னாத் தெரியும்" என்றார் டீச்சர்.

அதற்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. என் காலோடு சூடாக ஏதோ இறங்கியது. பாவாடை கருநீலம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

"முத்து முத்தா எழுதறா. எனக்கானா கண்ணு சரியில்லை, சாயங்காலத்துல எழுத வேண்டாம்னுட்டார் டாக்டர். மார்க் லிஸ்டு, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்னு மலையா கெடக்கு. தெனம் ஆறுலேந்து எட்டு வரைக்கும் இவளை எங்காத்துக்கு அனுப்பினா பெரிய உபகாரமா இருக்கும்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அடுத்தவருக்கு உபகாரம் செய்வதென்றால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இதுக்குப் போய் நீங்க ஏறி வரணுமா? தாராளமா அனுப்புதேன்" என்றார்.

அம்மா காப்பி டம்ளரோடு வந்தாள். டீச்சரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எட்டரை ஆனாலும் சரிதான் டீச்சர்" என்றாள்.

அவ்வளவுதான். டீச்சர் காப்பியைக் குடித்துவிட்டுக் கீழே போனார். நான் குளியலறைக்குள் போய்ப் பாவாடையை அலசிவிட்டு, கடவுளுக்கு நன்றி சொன்னேன். டீச்சர் என் தாளைப் படிக்கவே இல்லை! பார்த்தவர் எழுத்தின் அழகை மட்டும் பார்த்திருக்கிறார். என் கையெழுத்தே என்னைக் காப்பாற்றிவிட்டதென்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அடுத்த ஒன்றரை வருஷம் சாயங்காலமெல்லாம் டீச்சர் வீட்டில்தான். அப்பா ஆறேகாலுக்கு வருவார். நான் ஆறுக்கே இறங்கிவிடுவேன். சில நாள் எழுத எதுவுமே இருக்காது. நேற்று எழுதிய பட்டியலையே, கோடு கோணலாக இருக்கிறது என்று சொல்லி, மறுபடி எழுத வைப்பார் டீச்சர். நான் எழுதும்போது எதிரே உட்கார்ந்து, அந்த மங்கல் வெளிச்சத்தில் கண்ணாடிகூட இல்லாமல் ஊசியில் நூல் கோத்து ரவிக்கைக்கு ஹூக் தைப்பார். அதில் விசேஷமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் எதுவும் வரவும் இல்லை. வயிற்றுவலி மெல்ல நின்றுபோயிற்று.

ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கு ஊரிலிருந்து யாரோ உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். இடைஞ்சலாக இருக்க வேண்டாமென்று, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏழு மணிக்கே மேலே ஏறி வந்தேன். எங்கள் வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. குளிருக்கு எல்லா வீட்டிலும்தான் சாத்தியிருந்தார்கள். கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா திறந்தாள். முழுக்கத் திறக்கவில்லை, ஒரு கன்னம் மட்டும் தெரிகிற அளவுக்குத் திறந்தாள்.

"இப்ப எதுக்கு வந்தே? எட்டு ஆகலைல்லா" என்றாள் மெதுவாக.

"பசிக்கும்மா."

"டீச்சர் வீட்டுல ஏதாவது வாங்கித் தின்னு. போ. நான் கூப்பிடாம வராதே."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். என்னைச் சொந்த அம்மாவே விரட்டுகிறாளே, நான் இல்லாத வீடு அவளுக்கு அவ்வளவு இஷ்டமாகிவிட்டதே என்று அழுதேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளோடு பேசாமல் இருந்து பழிவாங்கினேன். என்னை அனுப்பிவிட்டு அந்த வீட்டுக்குள் யார் மீதி இருந்தார்கள் என்று, கணக்கில் எண்பத்தைந்துக்குக் குறையாமல் மார்க் வாங்கிய எனக்கு, ஒரு நாளும் தோன்றவில்லை.