சட்டத்தில் ஒரு வெள்ளைப் பட்டை

சொட்டு என்பது சித்திக்கு மாமா வைத்த பெயர். ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து பழகியவள், வீட்டில் எண்ணெயையும் அப்படித்தான் ஊற்றுவாள். "இது சமையலா, இல்ல கண்ணுக்கு மருந்து விடுறியா?" என்பார் மாமா. உடனே கரண்டி பறக்கும். அதில் மட்டும் அவளுக்கு அளவு கிடையாது.

ரத்தத்தில் கல்லீரல் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது சித்தியின் வேலை. குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் பட்டைகளை ஒரு சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் செருகியிருப்பார்கள். கிருமியைப் பிடித்து வைக்கும் மருந்தை முதலில் குழிக்குள் பூச வேண்டும். சாதாரண பிளாஸ்டிக்கில் அந்தப் பூச்சு நிற்காது, கழுவினால் போய்விடும். கதிர்வீச்சு காட்டிய பிளாஸ்டிக்கில்தான் கெட்டியாக ஒட்டும். கதிர்வீச்சு என்றதும் சித்தி இருட்டில் மின்னுவாளா என்று விளக்கை அணைத்துப் பார்த்தேன். மின்னவில்லை, திட்டு மட்டும் விழுந்தது.

அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. மிஷினில் படுத்துத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மாமா தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். இரண்டு முறை தள்ளிப்போன அறுவை சிகிச்சை, ஒருவழியாக மறுநாள் காலை என்று முடிவாகி, அம்மாவை வார்டில் சேர்த்திருந்தோம். மாமாவின் ரத்தத்தைச் சோதித்ததும் சித்திதான். கிருமி இல்லை என்று வந்திருந்தது.

அன்று மத்தியானம் பழைய சட்டங்களைக் கழிக்க எடுத்தவள், ஒன்றை வெள்ளை மேசையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். கதிர் பட்ட பட்டையின் விளிம்பு, தண்ணீர் ஊற்றிய தேநீர் போல லேசாகப் பழுப்பேறியிருக்கும். அந்தச் சட்டத்தில் ஒரு பட்டை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மருந்து கலக்க வைத்திருந்த சாதாரணப் பட்டை அது. இரண்டுக்கும் ஒரே வடிவம். மாற்றிச் செருகியது அவள் கைதான். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டும் குழி வேறொரு பட்டையில் இருந்து, சரியாக நிறமும் காட்டியதால், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, மூஞ்சே சரியில்ல?"

"இந்தப் பட்டையில பூச்சே நின்னிருக்காது. கிருமி இருந்தாலும் இல்லன்னுதான் காட்டும்."

"யாரு ரத்தம்?"

"எட்டுப் பேரு. அதுல எங்கண்ணனும் ஒருத்தன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நூத்துல ஒருத்தருக்கு இருந்தா அதிகம். பேசாம தூக்கிப் போடுங்க. ஆபரேஷன் முடியட்டும்."

"அந்த ஒருத்தன் இவனா இருந்தா? எங்கக்கா உடம்புல நானே கிருமிய ஏத்தின மாதிரி ஆகாதா?"

டாக்டருக்குப் போன் செய்தாள். "மூணாவது தடவையா ஆபரேஷனைத் தள்ளணுமா? திட்டுறதை அப்புறம் வச்சுக்கறேன். சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா தியேட்டரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க" என்றார் அவர்.

எடுத்து வைத்திருந்த மற்ற ஏழு பேரின் ரத்தத்தையும் வெளியே எடுத்தாள். மாமாவைக் கூப்பிட்டுப் புதிதாகக் குத்தினாள்.

"கேட்டது கிட்னி, நீ ரத்தத்தை வேற உறிஞ்சிட்டே இருக்கியே?"

சித்தி எதையும் எடுத்து எறியவில்லை. அதைப் பார்த்துத்தான் மாமா வாயை மூடினார்.

இந்த முறை ஒவ்வொரு பட்டையின் விளிம்பையும் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்த பிறகே செருகினாள். ரத்தம் விட்டு, காத்திருந்து, கழுவி, மறுபடி காத்திருந்தாள். வார்டில் அம்மா, "சொட்டு ஏன் இன்னும் வரலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசி மருந்தை விட்டாள். கிருமி இருந்தால் நீலம் வரும். மற்ற ஏழு பேரின் குழிகள் தண்ணீர் மாதிரியே கிடந்தன. மாமாவின் குழியில் அடியில் ஒரு நிழல் தட்டியது. அது மெல்ல மெல்ல நீலமானது. அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் நேரம் முடியும்வரை சித்தி கண்ணை எடுக்கவில்லை.

தானே சொல்வதாக டாக்டர் சொல்லியும் கேட்காமல் வார்டுக்கு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஆபரேஷன் இல்ல. அண்ணன் ரத்தத்துல கிருமி இருக்கு. போன தடவை நான்தான் தப்பான பட்டையைச் செருகிட்டேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேனே!"

"வெளிய தெரியாதுண்ணா. மருந்து இருக்கு. நாளைக்கே பெரிய டாக்டரைப் பார்க்கணும்."

"அப்ப இத்தனை மாசமா நான் குடிக்காம கெடந்ததுக்கு யாரு பதில் சொல்றது?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது. திரும்பாமலே பேசினாள்.

"ஆபரேஷன்னு சொல்லி நாளைக்கு மிஷின்ல என் இடத்தை விட்டுக் கொடுத்தாச்சே. திரும்பக் கிடைக்குமான்னு கேட்டியா?"

"இல்லக்கா."

"போய்க் கேளு. மத்தியானத்துலேர்ந்து பட்டினிதானே நீ? எதையாவது தின்னுட்டு வா. டேய், நீயும் அவகூடப் போ. மயங்கி விழுந்து வைக்கப் போறா."

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். மாமா பின்னாலேயே ஓடினார்.

"ஏய் சொட்டு, மெதுவாப் போடி. நானும் இப்ப நோயாளி!"