மணிக்கட்டில் ஒரு வயர்

ஆய்வகத்தில் அவளைக் கைராசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்பாக மினுங்கும் குறைகடத்திப் படிகத்தில் டேப்பை ஒட்டி உரிப்பாள். உரித்ததையே மறுபடி மறுபடி உரிப்பாள். கடைசியில் மூன்றே அணு கனத்தில் ஒரு ஏடு மிஞ்சும். மற்றவர்கள் உரித்தால் கந்தல்தான். அந்த ஏட்டின் இரு முனையிலும் தங்கக் கம்பி வைத்து, மின்சாரம் எப்படி ஓடுகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பேராசிரியர் அளப்பார்.

நம் உடம்பில் சேரும் துளி மின்சாரம் பட்டாலே ஏடு கருகிவிடும். அதனால் அந்த மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும்படி மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் வயரை மேசையிலுள்ள எர்த் ஆணியில் மாட்டிக்கொண்டுதான் உட்காருவாள். பத்து வருஷமாக.

கணவரும் மகளும் இருக்கும் ஊருக்கு மூன்று முறை மாற்றல் கேட்டாள். "நீ போயிட்டா எங்க கதி என்னம்மா? இந்தக் கை வேற யாருக்கு வரும்?" என்று பேராசிரியர் தேனொழுகப் பேசியே அனுப்பிவிட்டார். நான்காவது மனுவும் இன்று காலை திரும்பி வந்தது.

மத்தியானம் மகள் போனில் கேட்டாள்: "இந்தத் தடவையும் விடலையாம்மா?"

பாழாய்ப்போன ராசி! ஐந்து மாதமாக எல்லோரும் காத்திருந்த ஏடு மேசைமேல் இருந்தது. இது கருகட்டும், அப்புறம் யார் தன்னைப் பிடித்து வைப்பார்கள்? பட்டையைக் கழற்றி வீசினாள். உடம்பில் மின்சாரம் ஏறட்டும் என்று நைலான் அங்கியைப் பரபரவென்று தேய்த்தாள். ஏட்டின் தங்கக் கம்பியை நோக்கி வலது கை விரலை நீட்டினாள்.

விரல் படுவதற்குள், இடது கை தானாகவே போய் எர்த் ஆணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.