மழை பார்க்க வந்தவள்

பயிற்சிக் கல்லூரி விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி மட்டக்களப்புக் கடலோரக் கிராமத்துப் பெண். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து அந்தக் கல்லூரிக்குப் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். அவள் ஊரில் மழை என்றால் கார்த்திகையும் மார்கழியும். எங்கள் வட்டவளையில் வைகாசியில் பிடிக்கும் மழை புரட்டாசி வரை விடாது. நாங்கள் நனையும் மாதங்களில் அவர்கள் காய்ந்துகொண்டிருப்பார்கள். இத்தனை சின்ன நாட்டில் இது எப்படி என்று அவள் ஓயாமல் கேட்பாள். ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு தடவை என்னோடு வந்து அந்த மழையைப் பார்க்க வேண்டும் என்பாள்.

நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பேன். பனியைப் பற்றியும் அருவியைப் பற்றியும் அவளிடம் நிறையப் பேசியிருந்தேன். நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் படுப்பதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் இரண்டாம் வருடம் அவள் விடவில்லை. ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் ரயிலில் ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். ஒரு இரவுதானே என்று அழைத்து வந்தேன்.

வட்டவளை ஸ்டேஷனில் இறங்கும்போதே மழை கொட்டியது. அவள் குடையை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தை நிமிர்த்திச் சற்று நேரம் நின்றாள். லயத்துக்கு ஏறிப் போகும் பாதையில் அட்டை கடித்து அவள் காலில் இரத்தம் வழிந்தது. அதற்கும் சிரித்தாள். நான் நடையை மெதுவாக்கினேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு.

வாசலில் நின்ற அம்மா, "வாங்கம்மா, வாங்க" என்று கூப்பிட்டு, ஒழுகாத மூலையில் அவளை உட்கார வைத்தார். ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் எல்லாருடைய துணியும் தொங்கியது, அப்பாவின் கோவணம்கூட. தகரக் கூரையில் மழை அறைந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது. மாற்றுவதற்கு உலர்ந்த துணி இருக்கிறதா என்று அவள் என் காதருகே குனிந்து கேட்டாள். அவள் பெட்டியும் நனைந்திருந்தது. வீட்டில் உலர்ந்தது ஒன்றுமில்லை. அம்மா யோசித்துவிட்டு, தகரப் பெட்டியின் அடியிலிருந்து தன் கலியாணச் சேலையை எடுத்து உதறினார். மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் பூஞ்சணம் பூத்திருந்தது. அம்மா அதைத் தன் முந்தானையால் துடைக்கப் பார்த்தார். போகவில்லை. அவள் அதை வாங்கி உடுத்திக்கொண்டாள். நான் அடுப்பை ஊதுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்து வந்தார். கீழே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டது, எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை என்றார். அவளுக்கு அது கவலையாகவே தெரியவில்லை. லயத்துப் பெண்களோடு பீலிக்குக் குளிக்கப் போனாள். மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரின் கீழே போய் நின்றவள் வரவே மாட்டேன் என்றாள்.

"எங்கட ஊர்ல இப்ப கச்சான் காத்து அடிக்குது," என்றாள் என்னிடம். "கிணத்தடியில ஒரு வாளித் தண்ணிக்குச் சண்டை நடக்கும். அந்தக் காத்து இந்தப் பக்கத்தால வாறதுதானே. தண்ணி எல்லாத்தையும் உங்கட மலையில இறக்கிப்போட்டு எங்களுக்கு வெறும் சூட்டைக் கொண்டுவருது."

அவள் சொன்னது சரிதான். நாங்கள் இருவரும் படித்த பாடம்தான் அது. எனக்கோ, கழிப்பறைக்குப் போகும் பாதையில் வெள்ளம் நிற்கிறதே, இவளை எங்கே கூட்டிப்போவது என்பதே நினைப்பாக இருந்தது.

அன்று மத்தியானம் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்தது. ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒரு சத்தம்தான் கேட்டது. எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவின் பின்சுவர் உள்ளே சாய்ந்து, அடுப்படி முழுக்கச் சேறு. நல்ல காலம், அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். மலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்களோடு கூடையில் சேறு அள்ளிக் கொட்டினாள்.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அப்போதுதான் வந்தார். மழைச் சட்டை, பூட்ஸ், பெரிய குடை. அவரைக் கண்டதும் அப்பா மழைக்குத் தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குடை பிடித்திருந்த பெரியவர் ஒருவர் அதை மடக்கினார். எல்லாருடைய தலையிலும் மழை விழுந்தது. அவள் சுற்றிப் பார்த்தாள். அதுதான் இந்த ஊர் மரியாதை என்று நினைத்தாளோ என்னவோ, சுவரோரம் வைத்திருந்த தன் குடையைப் பிரிக்கப் போனவள் அப்படியே திரும்ப வைத்துவிட்டாள்.

"லயத்துக்குப் பின்னால மரக்கறி போடாதீங்க, மண்ணக் கொத்தாதீங்கன்னு சொன்னா கேக்குறீங்களா? இப்ப யாரு இதைக் கட்டுறது?" என்றார் கண்டாக்கு.

பின்பக்கத்தில் மழைத் தண்ணீர் ஓடும் காண் அடைத்துக் கிடக்கிறது, வெட்டிவிட வேண்டும் என்று அப்பா அவரிடமே பல தடவை சொல்லியிருந்தார். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். இன்றைக்காவது சொல்லுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"தப்புத்தாங்க ஐயா," என்றார் அப்பா.

தண்ணீர் அவர் மூக்கு நுனியில் சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. சேறோடு சேறாகப் புதைந்து போய்விடலாம் போலிருந்தது எனக்கு. கண்டாக்கு போன பிறகு, ஏன் எல்லாரும் நனைந்துகொண்டு நின்றீர்கள் என்று அவள் மெல்லக் கேட்டாள். "இங்க அப்படித்தான்," என்றேன்.

அந்த வரிசையில் இருந்த குடும்பங்களை எல்லாம், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். ரயில் ஓடும்வரை அவளும் அங்கேயே, தொட்டில்களுக்குக் கீழே, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் படுத்தாள். காலையில் அம்மா, முதல் நாள் ஈரம் காயாத கம்பளியைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுவதை ஒவ்வொரு நாளும் கதவருகே நின்று பார்த்தாள். மழை பார்க்கிறேன் என்ற பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை. பாதை திறந்ததும் அப்பாவும் நானும் அவளை ரயிலேற்றி விட்டோம். இப்படி ஆகிப்போச்சே என்று அப்பா அவளிடம் வருத்தப்பட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ரயில் எப்போது நகரும் என்று இருந்தது.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போனபோது, அவள் எனக்கு முன்னமே வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் மற்றப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, தேயிலைத் தோட்டம் எப்படி என்று அவளைக் கேட்டார்கள். சோற்றில் கை வைத்தபடி நான் குனிந்துகொண்டேன்.

அவள் பீலியைப் பற்றிச் சொன்னாள். வாளி வேண்டாம், கயிறு வேண்டாம், கை நோக இறைக்க வேண்டாம். நாள் முழுக்க நின்றாலும் தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டே இருக்கும் என்றாள். என் அம்மா அவளைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார் என்றாள். பெண்கள் எல்லாருக்கும் எங்கள் ஊருக்கு வர ஆசை வந்துவிட்டது. அடுத்த முறை எங்களையும் கூட்டிப்போ என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

அவள் எதையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நன்றியாக இருந்தது. எங்கள் வீட்டை இப்படிப் பொத்திப் பொத்திப் பேச வேண்டியிருக்கிறதே என்று கூச்சமாகவும் இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்க்க எனக்கு அன்று முகமில்லை.